என் கை வரும் இடம்

திருப்பாதிரிப்புலியூர் தியேட்டரில்
இடைவேளைக்கு முன்பே எழுந்து போனவர்கள் பதினாறு பேர்.
எண்ணினேன். எண்ணுவதுதான் என் பிழைப்பு.
முதுநகர் துறைமுகத்து ஐஸ் கம்பெனி ஜன்னலில்
பாருக்கு இத்தனை என்று டோக்கன் கிழிப்பவள் நான்,
அஞ்சலாட்சி.

"காசு கொடுத்துக் கொட்டாவி வாங்கினோம்" என்றார்
மச்சினர் பாலகுரு, வெளிப்படிக்கட்டில்.
பாட்டு இல்லை. சண்டை இல்லை.
பேசுகிறவன் முகத்தை மறைத்து முதுகைக் காட்டுகிறான்.
ஒரு லாரி ரிவர்ஸ் எடுப்பதை நாலு நிமிஷம் காட்டுகிறான்.
அந்த டைரக்டர் தணிகாசலத்துக்கு
உடம்பெல்லாம் திமிர்.

திமிர்தான்.
கிட்டத்தில் பார்த்தவள் சொல்கிறேன்,
குடை பிடித்த பையனை அந்தாள் ஏசிய ஏச்சு
இன்னும் என் காதில் கிடக்கிறது.
மூன்றாவதாக எடுத்தது படமே இல்லை.
அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் முதுகைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.
தானே புயலுக்கு மறுநாள்
கரையில் நின்ற அத்தனை பேரையும்
நான் முதுகாகத்தான் பார்த்தேன்.
படகு இருந்த இடத்தைப் பார்த்து நின்றார்கள்.
ஒருவரும் திரும்பவில்லை.
சட்டையில் நான் போட்ட ஒட்டுத்தையலை வைத்துத்தான்
என் வீட்டுக்காரரைக் கண்டுபிடித்தேன்.
முன்னால் போய் முகம் பார்க்கத்
தைரியம் வரவில்லை எனக்கு.
அந்தாளுக்கும் வந்திருக்காது.

லாரியா?
எங்கள் சந்தில் இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண்.
கிளீனர் பையன் பின்னால் நின்று
வா வா வா என்று தொண்டை கிழியக் கத்துவான்.
ராத்திரி இரண்டு மணிக்கு அது ஒடிந்து உள்ளே வந்தால்தான்
விடிந்து உங்கள் சட்டியில் மீன்.
மற்றவர்கள் படத்தில் லாரி வெடிக்கும்.
இதில் லாரி வளைகிறது. எது கஷ்டம்?

"உன்னையே ஏமாத்தினவனுக்கா இவ்வளவு பேசுற?"

அங்கேதான் கொஞ்சம் நின்றேன்.
உண்மை. இரண்டு நாள் என்னை வைத்து எடுத்தார்கள்.
நாத்தனாரின் கத்திரிப்பூ நிறச் சேலை.
பதினொரு வரி வசனம்,
பிரிட்ஜ் கதவைப் பார்த்துப் பேசிப் பேசிப் பழகினேன்.
சொல்லாமலே அழுகை வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள்.
"நல்லா வந்துச்சும்மா" என்று டீ கொடுத்தார் தணிகாசலம்.

படத்தில் இருப்பது என் கை மட்டும்.

ஜன்னல் சட்டத்துக்குள் ஒரு கை,
நனைந்த நூறு ரூபாயை மேசைக் கண்ணாடியில் ஒட்டி நீவுகிறது.
சுண்டுவிரல் மடங்க மறுக்கிறது.
அதை மற்ற விரல்கள் மடக்கிவிடுகின்றன.
அடுத்த டோக்கன்.
அதுவரை அரைத்துக்கொண்டிருந்த ஐஸ் மெஷின் சத்தம்
அங்கே நிற்கிறது.
அவ்வளவுதான். ஆறு நொடி.

என் விரல் அப்படிச் செய்யும் என்று
எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக.

தெருவில் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.
முகம் இல்லாமல் வீட்டுக்குப் போகிறோமே என்று
பஸ்ஸில் முந்தானையைக் கடித்துக்கொண்டு வந்தேன்.
மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் கேளுங்கள், பாலகுரு.
வைகாசி மாதம். ஏசி பழுது.
பனியன் வரைக்கும் நனைந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில்,
அந்தக் கை வந்தபோது,
முன்வரிசைப் பொடியன் ஒருவன்
கால் இரண்டையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துச் சொன்னான்:
"ச்சே, குளுருதுடா."

பதினொரு வரியையும் நான் பேசியிருந்தால்
அவனுக்குக் குளிர்ந்திருக்குமா?

பாலகுரு பைக்கை உதைத்தார்.
"கையைக் காட்டினதுக்கே இவ்வளவா" என்றார், சிரித்தார்.
நானும் சிரித்துவிட்டேன், அது வேறு.

நேற்று மறுபடி போனேன், தனியாக, இரண்டாம் ஆட்டம்.
எழுந்து போனவர்கள் பதினாலு.
இரண்டு பேர் குறைவு.
வந்ததே குறைவு என்றும் சொல்லலாம்.